3% வட்டின்னு விளம்பரம்... கைக்கு எவ்வளவு வரும்?

சிங்கப்பூரில் இணையம்வழி சேமிப்புக் கணக்கு திறக்கச் சில நிமிடம் போதும். ஆனா விளம்பரத்தில் பார்க்கும் வட்டி எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

அடிப்படை வட்டி எவ்வளவு?

பெரிய வங்கிகளின் சாதாரண சேமிப்புக் கணக்குகளில் பெரும்பாலும் ஆண்டுக்கு 0.05%. 10,000 வெள்ளி போட்டு வச்சா ஓராண்டில் 5 வெள்ளிதான். காசோலை வசதியுள்ள நடப்புக் கணக்குகளில் பொதுவாக வட்டி மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை.

கூடுதல் வட்டிக்கு என்ன செய்யணும்?

வங்கிக்கு வங்கி நிபந்தனை மாறும். சம்பளம் அந்தக் கணக்குக்கு வரணும், கடன்பற்று அட்டையில் குறிப்பிட்ட தொகை செலவு செய்யணும் என்பவை வழக்கமானவை. ஒரு மாதம் தவறினால், அந்த மாதக் கூடுதல் வட்டி குறையலாம்.

எதைக் கவனிக்கணும்?

- வட்டிப் படிகள்: முதல் 50,000 வெள்ளிக்கு 1%, அடுத்த 50,000க்கு 3% என்று வச்சுக்குவோம். உங்ககிட்ட 10,000 இருந்தா, ஓராண்டில் கிடைப்பது 100 வெள்ளி. 300 இல்லை.
- குறைந்தபட்ச இருப்பு: அது குறைந்து மாதம் 2 வெள்ளி கட்டணம் பிடித்தால், ஆண்டுக்கு 24 வெள்ளி போயிடும்.

பணம் பாதுகாப்பா இருக்குமா?

வைப்புத்தொகைக் காப்புறுதித் திட்டத்தில் உள்ள ஒவ்வொரு வங்கியிலும் ஒருவருக்கு 100,000 வெள்ளி வரை காப்புறுதி உண்டு. 2024 ஏப்ரலுக்கு முன் அது 75,000 வெள்ளி.

கணக்கு மாத்துறதுக்கு முன்னாடி விழுக்காட்டை மட்டும் பார்க்காதீங்க. உங்க இருப்புக்கு எத்தனை வெள்ளி வரும்னு கணக்குப் போடுங்க.