வன்னியில் கடனும் நாணயமும்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழிலே 'நாணயம்' என்னுஞ் சொல் இருபொருள் தருவது. கையில் எண்ணிக் கொடுக்கும் காசும் நாணயம். கொடுத்த வாக்குத் தவறாத நேர்மையும் நாணயம். 'கடன்' என்பதும் அத்தகையதே. திருப்பிச் செலுத்தவேண்டிய பணத்தையும் ஆற்றவேண்டிய கடமையையும் அது ஒருங்கே சுட்டுகின்றது. ஒருவருடைய நாணயத்தை யார் பதிந்து வைத்தனர், தவணை தவறிப் பெயர் கெட்டவர் அப்பெயரை எவ்வாறு மீட்டுக்கொண்டார் என்னும் வினாக்கள் பொருளாதார வரலாற்றிற்குரியன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பை மையமாகக் கொண்டு அவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்னியின் வாழ்வு குளத்தையும் மழையையும் நம்பியது. காலபோக விதைப்புக்கு முன் விதைநெல்லுக்கும் உழவுகூலிக்கும் கடன் வாங்குவதும், அறுவடை முடிந்ததும் நெல்லாகவோ பணமாகவோ கொடுத்துத் தீர்ப்பதும் நெடுங்கால வழக்கமாகும். அக்காலத்துப் பதிவேடு வணிகரின் கடைக் கொப்பியே. அக்கொப்பியை எழுதியவர் கடன்பட்டவரின் வயலையும் குடும்பத்தையும் அறிந்தவர். மழை பொய்த்த ஆண்டில் நிலுவையை அடுத்த போகத்திற்குத் தள்ளிவைக்க அந்த அறிவு அவருக்குத் துணைபுரிந்தது. எனினும் இவ்வுறவை இலட்சியப்படுத்துதல் தவறாகும். வட்டி கடுமையானது, நெல்லின் விலையை வணிகரே தீர்மானித்தார், கணக்கைச் சரிபார்க்கும் வாய்ப்பு எழுத்தறியா உழவருக்குக் கிட்டவில்லை. தவறியதற்கான காரணத்தை அறிந்த அதே கொப்பி, உழவரைத் தலைமுறையாகக் கட்டிவைக்கவும் வல்லதாயிருந்தது.

இந்நிலைக்கு மாற்றாக வந்தது கூட்டுறவு. 1911 ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின் வழி இலங்கையில் தோன்றிய ஆரம்பச் சங்கங்கள் வரையறையற்ற பொறுப்பை அடிப்படையாகக் கொண்டவை. ஒருவர் தவறின் ஏனையோர் யாவரும் பொறுப்பாவர். எனவே யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதை அயலவரே ஆராய்ந்தனர். நாட்டு மக்களுக்கு வங்கிக் கடன் எட்டாதிருந்தமையை 1934 ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழு ஆராய்ந்ததைத் தொடர்ந்து, 1939 இல் இலங்கை வங்கி நிறுவப்பட்டது. ஆயினும் வங்கி கேட்ட ஈடு குடியேற்றவாசியிடம் இருக்கவில்லை. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பிக் கிளிநொச்சியில் குடியேறியவர்களுக்கு, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட நிலம் உத்தரவுப் பத்திரக் காணியாகும். அதனை விரும்பியவாறு விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. நிலம் உழவரின் கையைவிட்டுப் போகாதிருக்கச் செய்யப்பட்ட அந்த ஏற்பாடே வங்கியின் வாயிலில் அவரை வெறுங்கையராக நிறுத்தியது. ஆதலின் அவருக்கிருந்த ஒரே ஈடு அவருடைய பெயர் எனலாம்.

1961 இல் மக்கள் வங்கி தோன்றியது. 1964 முதல் கூட்டுறவுச் சங்கங்களின் வழி கிராமிய வங்கிகள் திறக்கப்பட்டன. 1967 இல் புதிய விவசாயக் கடன் திட்டம் வந்தது. கடன் பெருகியதெனினும் மீளச் செலுத்துதல் திட்டமிட்டவாறு நிகழவில்லை. தவறியவருக்குப் புதுக்கடன் மறுக்கப்பட்டது. அவர் மீண்டும் கடைக் கொப்பிக்கே திரும்பினார். இடையிடையே அரசுகள் சலுகைகளையும் தள்ளுபடிகளையும் அறிவித்தன. ஆயின் தள்ளுபடி கடனைத் தீர்த்ததே ஒழிய, வங்கியின் கண்ணில் நாணயத்தை மீட்டுத் தரவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஒழுங்காகச் செலுத்தியவரும் செலுத்த வல்லவராயிருந்தும் செலுத்தாதவரும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டமையால், அடுத்த முறை யாவரையும் வங்கி ஐயத்துடன் நோக்கியது. 1958 இல் தொடங்கி 1961 இல் சட்டவடிவு பெற்ற பயிர்க் காப்புறுதி இவ்வகையில் மேலான வழியாகும். பயிர் அழிந்ததை நேரிற் பார்த்து எழுதிவைப்பது அதன் முறை. தவறுதலின் காரணத்தையும் ஏட்டிலே ஏற்றுவது அது.

1990 ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அவ்வாண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் நிறுவப்பட்டது. மக்கள் வழக்கில் 'கிறிப்' எனப்படுவது இதுவே. கடன்பெற்றவரின் செலுத்துகை விபரங்களை நிதி நிறுவனங்கள் இதற்கு அளிக்கின்றன. புதிதாகக் கடன் கேட்போரின் விபரங்களை இதனிடமிருந்து பெறுகின்றன. அதே ஆண்டு யூன் மாதத்தில் வடக்கிலும் கிழக்கிலும் போர் மீண்டும் மூண்டது. கொழும்பில் மையப் பதிவேடு உருவாகத் தொடங்கிய அந்த வேளையில், வன்னியின் ஏடுகள் அழியத் தொடங்கின. இடம்பெயர்ந்தவர்கள் உறுதிகளையும் அடையாள அட்டைகளையும் சேமிப்புப் புத்தகங்களையும் இழந்தனர். 1994 இல் விடுதலைப் புலிகள் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் பலர் பணமும் நகையும் வைத்தனர். 2009 இல் போர் முடிந்தபோது அந்நிறுவனமும் அதன் கணக்குகளும் மறைந்தன. பல ஆண்டுகள் ஒழுங்காகக் கடன் செலுத்தியவரும் அதனை நிறுவ ஒரு தாளும் இன்றி நின்றார்.

மெனிக் பாம் முகாம் 2012 இல் மூடப்பட்டது. மீள்குடியேறியவர்கள் வெறுமையிலிருந்து தொடங்கினர். வங்கிகளோடு குத்தகை நிறுவனங்களும் நுண்கடன் நிறுவனங்களும் வந்தன. உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் தவணைக்குக் கிடைத்தன. குழுக்கடனில் ஒருவருக்காக மற்றவர் கையொப்பமிட்டார். பழைய கூட்டுறவின் கூட்டுப் பொறுப்பை இது ஒத்ததாயினும் அதன் அயலறிவு இங்கே இல்லை. வாராந்தம் வந்த வசூலிப்பாளருக்கு வயலின் நிலை ஒரு பொருட்டன்று. 2016, 2017 ஆம் ஆண்டுகளின் வரட்சியும், 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த வெள்ளமும் தவணைகளைக் குலைத்தன. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களுக்கு 2018 இல் அரசு நிவாரணம் அறிவித்தது. அம்மாவட்டங்களுள் வன்னியின் மூன்று மாவட்டங்களும் அடங்கின.

இவ்வாறு தவறியவர் பின்னர் சிறுதொழில் தொடங்கி நடைமுறைக் கணக்கொன்றைத் திறக்க விரும்பும்போது பழைய ஏடு எதிர்நிற்கின்றது. சேமிப்புக் கணக்கில் வங்கிக்கு இடர் மிகக் குறைவு. நடைமுறைக் கணக்கிலோ காசோலைப் புத்தகம் கைக்கு வருகின்றது. காசோலை என்பது எழுத்திலமைந்த வாக்குறுதி. போதிய பணமின்றித் திரும்பிய காசோலைகளின் விபரமும் கொடுகடன் அறிக்கையிலே இடம்பெறுகின்றது. எனவே வங்கி தயங்குகின்றது. பிறருக்குப் பிணைநின்ற குற்றத்தால் மட்டும் பெயர் கெட்டவர்களும் உளர். ஏனெனில் பிணையாளியின் பொறுப்பும் அறிக்கையில் காணப்படும்.

ஏனைய நாடுகளிலும் இச்சிக்கல் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் வைப்புக் கணக்குகளில் நேர்ந்த தவறுகளைத் தொகுக்கும் செக்ஸ்சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனம் 1971 முதல் இயங்குகின்றது. அதற்கு முன்னரே, 1970 இல், தம்மைப் பற்றிய பதிவைப் பார்க்கவும் பிழையை மறுக்கவும் குடிமகனுக்கு உரிமையளிக்கும் சட்டம் அங்கு நிறைவேறியது. பெரும்பாலான பாதகமான தகவல்களை ஏழாண்டுகளுக்கு மேல் வெளியிடலாகாது எனவும் அது வரையறுத்தது. நினைவுக்கும் ஓர் எல்லை வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

நம் நாட்டிலும் பெயரை மீட்கும் வழி அடைபட்டிலது. ஒருவர் தம் கொடுகடன் அறிக்கையைத் தாமே பெறலாம். அதிற் பிழையிருப்பின், தகவலை அளித்த நிறுவனத்தின் வாயிலாகத் திருத்தம் கோரலாம். உண்மையான நிலுவையாயின் நிறுவனத்துடன் பேசித் தவணையை மாற்றியமைத்து, தீர்த்தபின் அதற்கான கடிதத்தைப் பெற்றுப் பேணுதல் வேண்டும். பணியகம் எவரையும் கறுப்புப் பட்டியலில் இடுவதில்லை. இறுதி முடிவு வங்கியினுடையதே. இதனை அறியாதவர் 'கிறிப்பில் பெயர் விழுந்துவிட்டது' எனக் கருதி வங்கிப் படியேறாதே விடுகின்றனர். இவ்வறியாமை கடனிலும் கொடியது. சேமிப்புக் கணக்கையும் கூட்டுறவுச் சங்கத்தின் சிறுகடனையும் ஒழுங்காக நடத்திக் காட்டுதல், நாளடைவில் பழைய பதிவின் மீது புதிய பதிவொன்றை எழுதுவதாகும்.

எனினும் முழுப் பொறுப்பையும் கடனாளியின் தலையில் ஏற்றுதல் நீதியன்று. கடைக் கொப்பி காரணத்தை அறிந்திருந்தது. ஆனால் நீதியை அறியவில்லை. கூட்டுறவுப் பதிவேடு இரண்டையும் ஓரளவு அறிந்திருந்தது. இன்றைய பதிவேடு எவர்க்கும் ஒரே அளவுகோலைப் பிடிக்கின்றது. ஆயின் தவணை தவறிய நாளைக் காட்டுமேயன்றி, அந்நாளில் வயல் வெள்ளத்தில் கிடந்ததைக் காட்டாது. போரையும் வரட்சியையும் வெள்ளத்தையும் அடுத்தடுத்துக் கண்ட நிலத்தில், செலுத்த மறுத்தவரையும் செலுத்த முடியாதவரையும் பிரித்தறியாத பதிவேடு முழுமையான பதிவேடாகாது. பயிர்க் காப்புறுதி ஏட்டில் அழிவைப் பதிய முடிந்தது போலக் கடன் ஏட்டிலும் காரணத்தைப் பதிய முடியும். வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் சட்டமியற்றுவோரும் இதனைச் சிந்திப்பாராயின், வன்னி மக்கள் இழந்த ஏடுகளுக்கு ஈடாக நேர்மையான ஏடொன்றேனும் அவர்களுக்குக் கிட்டும்.