விசுவாசம்

வடமொழி 'விச்வாச'த்திலிருந்து வந்த சொல். வேர் 'ச்வஸ்', மூச்சுவிடுதல். அச்சமின்றி மூச்சுவிடுவது, பிறகு ஒருவரை நம்பி இருப்பது என்று பொருள் நகர்ந்தது. நாய்க்கும் கட்சித் தொண்டருக்கும் நாம் சொல்லும் விசுவாசம் வேறு. அது நன்றியும் பற்றும். கத்தோலிக்கர் வழக்கில் கடவுளிடம் தன்னையே ஒப்படைப்பது.

பழைய செபங்களில் விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என மூன்று உண்டு. 'முயற்சி' என்று பெயரிட்டவர் விவரமானவர். விசுவாசம் தானாக வந்து விடுவதில்லையே! 1995இல் வந்த திருவிவிலியத்தில் விசுவாசம் 'நம்பிக்கை' ஆயிற்று, பழைய நம்பிக்கை 'எதிர்நோக்கு' ஆயிற்று. ஆனாலும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குக் கைமாற்றப்படுவது, பேச்சில் இன்றும் விசுவாசம்தான்.