கேமிங் நாற்காலி: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

மைசூரு: மைசூருவின் ஹெப்பாள் பகுதி, இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் மிகப்பெரிய பயிற்சி வளாகத்தால் நாடு முழுவதும் அறியப்பட்டது. (பெங்களூருவில் உள்ள ஹெப்பாள் வேறு.) இத்தகைய பகுதிகளில் பகல் முழுவதும் கணினி முன் பணியாற்றும் இளைஞர்களில் பலர், இரவில் வீடியோ கேம் விளையாடுவதற்கும் நாற்காலியிலேயே அமர்கின்றனர். வேலையும் பொழுதுபோக்கும் ஒரே முதுகின் மீதுதான் ஏறுகின்றன.

சந்தையில் 'கேமிங் நாற்காலி' என்று விற்கப்படும் வடிவம் பந்தயக் காரிலிருந்து வந்தது. டிஎக்ஸ்ரேசர் நிறுவனம் 2006இல் இவ்வடிவ நாற்காலியை அறிமுகப்படுத்தியது. பந்தயக் கார் வேகமாக வளைவில் திரும்பும்போது ஓட்டுநர் பக்கவாட்டில் சரியாமலிருக்கவே இருக்கையின் இரு ஓரங்களும் உயர்த்தப்பட்டன. வீட்டு அறை எந்த வளைவிலும் திரும்புவதில்லை. அகன்ற உடலமைப்பு உள்ளவர்களின் தொடைகளையும் தோள்களையும் அந்த ஓரங்கள் அழுத்துவதே மிச்சம்.

ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன், 1960களில் முதுகெலும்பு வட்டுகளுக்குள் நிலவும் அழுத்தத்தை நேரடியாக அளந்தார். சாய்மானமின்றி அமரும்போது, நிற்கும்போது இருப்பதைவிட அழுத்தம் கூடுவது தெரியவந்தது. முதுகைப் பின்னோக்கிச் சாய்த்து, இடுப்புக்கு மேலுள்ள வளைவுக்குத் தாங்கல் கொடுத்தால் அது குறைவதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. எனவே, விறைப்பாக நிமிர்ந்து உட்காருவதைவிட 100 முதல் 110 பாகை வரை சாய்ந்திருப்பது நல்லது. நாற்காலியுடன் வரும் இடுப்புத் தலையணை கீழே நழுவினால் பயனில்லை; உயரத்தை மாற்றக்கூடிய தாங்கல் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

அடுத்தது அளவு. பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். முதுகு சாய்மானத்தைத் தொட்டிருக்கும்போது, இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே இரண்டு, மூன்று விரல் இடைவெளி தேவை. உயரமானவர்களுக்காக வடிவமைக்கப்பட்ட பெரிய நாற்காலிகளில் இந்த இடைவெளி நம்மில் பலருக்குக் கிடைப்பதில்லை. கால் தொங்கினால் ஒரு சிறு மணை போதும். விசைப்பலகையில் விளையாடுபவர்களுக்கு, தோள் உயராமல் முழங்கை ஓய்வெடுக்கும் உயரத்தில் கைப்பிடி அமைய வேண்டும். கையில் கன்ட்ரோலர் வைத்து விளையாடுபவர்கள் சற்றுக் கூடுதலாகச் சாயலாம்.

செயற்கைத் தோல் உறை கோடையில் வியர்க்கும், நாளடைவில் உரியும். துணி அல்லது வலைப்பின்னல் சாய்மானம் நம் வெப்பத்துக்கு ஏற்றது.

விலை குறைந்த கேமிங் நாற்காலியைவிட, அதே விலையில் கிடைக்கும் நல்ல அலுவலக நாற்காலி பெரும்பாலும் மேலானது. பெருநகரங்களில் நிறுவனங்கள் கழித்த நாற்காலிகள் பழுதுபார்க்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன; அவற்றில் உயரத்தை மாற்றும் உருளை, அமர்ந்த பின் மெல்ல இறங்குகிறதா எனச் சோதிக்க வேண்டும். புதியதாயின், பணி நாற்காலிகளுக்கான ஐஎஸ் 17631 தரநிலையைப் பற்றிக் கடைக்காரரிடம் கேட்கலாம்.

எவ்வளவு நல்ல நாற்காலியாயினும் ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதை ஈடுசெய்யாது. அரை மணிக்கு ஒருமுறை, ஓர் ஆட்டம் முடிந்ததும் எழுந்து நடப்பது அவசியம்.

இணையத்தில் வாங்குவோர், திருப்பியனுப்பும் விதிகளை முன்கூட்டியே படிக்க வேண்டும். ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள பொருள் என்பதால், சில நாட்கள் அமர்ந்து பார்க்கும் வரை அட்டைப்பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம்.