காடிஸ், ஜான் லூயிஸ்: நூல்கள்

டெக்சாஸில் 1941-இல் பிறந்த அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜான் லூயிஸ் காடிஸ், பனிப்போர்க் கால ராஜதந்திரத்தை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர். ஒஹையோ பல்கலைக்கழகத்திலும், 1997 முதல் யேல் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். பனிப்போரின் தோற்றம் பற்றிய முதல் நூல் (1972) பேன்கிராஃப்ட் பரிசு பெற்றது.

அவருடைய ஆகச் சிறந்த ஆய்வு, சோவியத் விரிவாக்கத்தைத் தடுக்கும் அமெரிக்கக் கொள்கையை அலசும் 1982-ஆம் ஆண்டு நூல்தான். எதிரி தாக்கும் இடத்திலெல்லாம் பதிலடி கொடுப்பது ஒரு வழி. தனக்குச் சாதகமான இடத்தையும் முறையையும் தானே தேர்ந்துகொள்வது மற்றொன்று. முதல் வழி செலவைப் பெருக்கும், இரண்டாவது பதற்றத்தைக் கூட்டும். அதிபர்கள் மாறும்போது வாஷிங்டன் இவ்விரண்டுக்கும் இடையே ஊசலாடியதை நூல் காட்டுகிறது. முதல் வழியின் விளைவாகவே அவர் வியட்நாம் போரைக் காண்கிறார். இப்பகுதி இன்றும் படிக்கத்தக்கது.

சோவியத் ஆவணங்கள் திறக்கப்பட்டபின் வந்த 1997-ஆம் ஆண்டு நூல், பனிப்போருக்கான பொறுப்பைப் பெரிதும் ஸ்டாலின்மீது சுமத்தியது. அமெரிக்கச் சார்பு மிகுந்தது என்ற விமர்சனம் அதற்கு உண்டு. அதில் நியாயமும் உண்டு.

ராஜதந்திரி ஜார்ஜ் கென்னனின் வாழ்க்கை வரலாறு, கென்னன் மறைந்த பிறகே வெளிவர வேண்டும் என்ற உடன்பாட்டோடு எழுதப்பட்டது. கென்னனோ 101 வயதுவரை வாழ்ந்தார். 2011-இல் வெளியான அந்நூலுக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது.

எல்லையற்ற ஆசைகளை எல்லைக்குட்பட்ட வலிமையோடு பொருத்துவதே பெருவியூகம் என்பது 2018-இல் வந்த நூலின் மையக்கருத்து. பாரசீக மன்னர் செர்க்சீஸின் கிரேக்கப் படையெடுப்பிலிருந்து அது தொடங்குகிறது.