ஒரு சொல், இரண்டு வேலை
‘கொன்டென்ட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குப் போட்டியிடு, வாதிடு என்று இரண்டு அர்த்தம். (யூடியூப் கொன்டென்ட் வேற!) ஹெந்தளைச் சந்தியில் தேர்தல் போஸ்டர் ஒட்டினால் முதலாவது, அதுக்குக் கீழே நின்று கதைச்சால் இரண்டாவது.

பொன்னம்பலம் இராமநாதன் இரண்டையும் செய்தவர். 1911இல் ‘படித்த இலங்கையர்’ ஆசனத்துக்கு மார்க்கஸ் பெர்னாண்டோவோடு போட்டியிட்டு வென்றார். முஸ்லிம்களுக்கு எதிரான 1915 கலவரத்தின்பின், இராணுவச் சட்டத்தில் சிக்கிய சிங்களவருக்காகச் சட்டசபையில் வாதாடினார், லண்டனுக்கும் போனார். நாம் இதைத்தான் பெருமையாகச் சொல்வோம். ஆனா டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தபோது, அதற்கு எதிராக வாதாடியவரும் இவரே. 1931இல் பெண்களும் வாக்களித்தார்கள். இராமநாதன் 1930இலேயே காலமாகிவிட்டார்.