வால்டாக்ஸ் ரோடும் நாடகக் கொட்டகையும்

நம்ம செங்கோட்டை கிட்டப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அவர் குரலைச் சொல்வார்கள், கே.பி.சுந்தராம்பாளைச் சொல்வார்கள். 27 வயதில், 1933 டிசம்பர் 2-ல், போய்விட்டாரே என்று உச்சுக்கொட்டுவார்கள். அந்தக் காலத்து நாடக உலகத்துக்குச் சென்னையில் ஒரு தெரு இருந்தது என்பது அவ்வளவாகப் பேச்சில் வருவதில்லை. யானைகவுனிப் பக்கம் வால்டாக்ஸ் ரோடு. அங்கே இருந்த ஒற்றைவாடைக் கொட்டகை பெயர்பெற்ற நாடக மேடை.

அந்தத் தெருப் பெயரில் எனக்கு ஒரு தனி ருசி உண்டு. நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மொழியில். எங்கள் சரித்திரப் புத்தகத்தில் மதராஸ் என்றால் 1746-ல் லாபூர்தொனே பிடித்த ஊர். 1758 டிசம்பரில் லாலி முற்றுகையிட்டு, 1759 பிப்ரவரியில் திரும்பிப் போன ஊர். அவ்வளவுதான். இந்தச் சண்டையில் வீடு வாசல் இழந்த தமிழர், தெலுங்கர் கதையை வாத்தியார் சொல்லவில்லை. கோட்டையை ஒட்டி, இன்றைய ஹைகோர்ட் பக்கம் இருந்த பழைய கறுப்பர் பட்டணத்தில் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர் இடித்தார்கள். பீரங்கிக்கு மறைவு இருக்கக்கூடாதென்று மிச்சத்தை இங்கிலீஷ்காரர் இடித்தார்கள். ஜனங்கள் வடக்கே தள்ளிப்போய்க் குடியேறினார்கள். இன்றைய ஜார்ஜ் டவுன் அதுதான்.

பிறகு ஹைதர் அலியின் குதிரைகள் நகரத்து எல்லை வரை வந்து மிரட்டவே, புதிய பட்டணத்துக்கு மதில் கட்டினார்கள். யானைகவுனி அந்த மதிலின் வாசல்களில் ஒன்று. ராயபுரம் பக்கம் மாடிப் பூங்காவில் ஒரு துண்டு மதில் இன்னும் நிற்கிறது. கட்டிய செலவை ஊர்க்காரர்களிடம் வரியாக வாங்குவது என்று கம்பெனி தீர்மானித்தது. அப்படி வரி போடச் சட்டத்தில் அதிகாரம் உண்டா என்ற சந்தேகம் கிளம்பியது. கடைசியில் வசூல் நடக்கவே இல்லை! வணிகவரி ஆபீசில் ஆயுசைக் கழித்த குமாஸ்தா நான். டிமாண்ட் எழுதி வசூலாகாமல் போன எத்தனையோ இனங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் போன வரிக்குத் தெருப் பெயர் கிடைத்தது இது ஒன்றுதான்.

நாடகக்காரர்களுக்கு அந்த யோகம் இல்லை. 1876-ஆம் வருஷத்து நாடகச் சட்டம் எந்த நாடகத்தையும் தடுக்கச் சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. 1939-ல் கேளிக்கை வரிச் சட்டமும் வந்தது. பார்க்க வருகிறவன் டிக்கெட்டோடு வரியும் கட்டினான்.

இந்தக் கெடுபிடிக்கு நடுவில்தான் சிவகாசியில் பிறந்த விசுவநாததாஸ் முருகன் வேஷத்தில் நின்றுகொண்டு சுதந்திரப் பாட்டு பாடினார். போலீஸ் வரும், பிடித்துப்போகும். வெளியே வந்து மறுபடியும் பாடுவார். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். சர்க்கார் அடித்ததைவிட இந்த அடி வலித்திருக்கும் என்றே நினைக்கிறேன். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவர், அப்படியே உயிரை விட்டார்.

வெள்ளைக்காரன் போன பிறகும், 1954-ல் நம்ம சர்க்காரே ஒரு நாடகச் சட்டம் போட்டது. எம்.ஆர்.ராதாவின் ராமாயண நாடகத்தை நிறுத்தத்தான் என்று அப்போதே பேச்சு. அதை சென்னை ஹைகோர்ட் செல்லாது என்று சொல்ல 2013 ஆயிற்று.

இப்போது வால்டாக்ஸ் ரோட்டில் லாரி புக்கிங் ஆபீசும் பார்சல் மூட்டையும்தான். அதற்கு வ.உ.சி. சாலை என்று பெயரும் மாற்றியாயிற்று. ஓட்டப்பிடாரத்துக்காரர், நம்ம பக்கத்து மனுஷர்; சந்தோஷம்தான். ஆனால் சென்ட்ரலில் இறங்கி ஆட்டோக்காரரிடம் வ.உ.சி. சாலை என்று சொல்லிப் பாருங்கள், "எங்க சார்?" என்பார். வால்டாக்ஸ் என்றால்தான் வண்டி கிளம்பும்.