சொல்தா மாமா தந்த மஞ்சள் விளக்கு

போன மாதம் என் பேரன் தன் ஸ்கூட்டருக்கு இரண்டு எல்.இ.டி. விளக்கு வாங்கி வந்தான். ஹார்னுக்குப் போகும் வயரை பிளேடால் தோலுரித்து, அதில் முறுக்கி மாட்டிவிட்டான். அன்று இரவே ஃபியூஸ் போயிற்று. ஹார்ன் இல்லை, இண்டிகேட்டர் இல்லை. "வண்டியே சரியில்ல தாத்தா" என்றான். நான் பரணில் ஏறி ஒரு பழைய விளக்கை எடுத்து வந்து அவன் முன் வைத்தேன். மஞ்சள் கண்ணாடி, ஓரமெல்லாம் துரு. அதன் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த விளக்கு 1984-இல் எங்கள் வீட்டுக்கு வந்தது. கொண்டு வந்தவர் சொல்தா மாமா. காரைக்கால், புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்போம். 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்து, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி முழுமையானபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று இருந்துகொண்டவர் மாமா. ஊருக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு விசித்திரப் பொருள் கொண்டுவருவார். அந்த வருஷம் காருக்குப் போடும் மஞ்சள் விளக்கு.

பிரான்சில் 1937 முதல் 1993 வரை வண்டிகளின் முன்விளக்கு மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம். எதிரே வருகிறவர் கண் கூசாது என்று நம்பினார்கள். அங்கே அதற்குப் பெயர் 'ஃபார்'. கலங்கரை விளக்கத்துக்கும் அதே சொல்தான். "இதைப் போட்டா கப்பலே கரைக்கு வந்துடும்டா மாப்ளே" என்றார் மாமா.

எனக்கு விளக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. பதிவு செய்து வருஷக்கணக்கில் காத்திருந்து அப்போதுதான் பஜாஜ் சேடக் வாங்கியிருந்தேன். ராணா பிரதாப் சிங்கின் குதிரையின் பெயர். குதிரைக்குக் கண் மட்டும் மங்கல். வேகமாகப் போனால் ஹெட்லைட் பிரகாசிக்கும். பள்ளம் பார்த்து மெதுவாகப் போனால் அரிக்கேன் விளக்காகிவிடும். வெளிச்சம் எப்போது வேண்டுமோ அப்போது இருக்காது.

இதற்குக் காரணம் இத்தாலியில் இருக்கிறது. 1946-இல் பியாஜியோ நிறுவனத்துக்காக கொர்ராதினோ தஸ்கானியோ என்ற விமானப் பொறியாளர் வெஸ்பாவை வடிவமைத்தார். போர் முடிந்து நாடே நொடிந்திருந்த சமயம். வண்டி மலிவாக இருக்க வேண்டும். விளக்குக்கு பேட்டரி கிடையாது. எஞ்சினோடு சுற்றும் சக்கரத்தில் காந்தம், அதற்குள்ளே அசையாமல் காயில். எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறதோ அவ்வளவு மின்சாரம். அந்த வெஸ்பாவைத்தான் பஜாஜ் 1948-இலிருந்து இறக்குமதி செய்தது. பிறகு உரிமம் பெற்று 1960-களில் இங்கேயே தயாரித்தது. உரிமம் முடிந்தபின் 1972-இல் சேடக் என்று தன் பெயர் வைத்தது. பெயர் மாறியதே தவிர விளக்கு ஏற்பாடு மாறவில்லை. என் வண்டியில் 6 வோல்ட். ஹெட்லைட்டுக்கு 25 வாட், டெயில் லைட்டுக்கு 5 வாட் என்று எண்ணி அளந்த சாப்பாடு. மூன்றாவது ஆள் இலையில் உட்கார்ந்தால் மற்ற இருவருக்கும் குறையும். ஒருவர் எழுந்துபோனால் அவர் பங்கும் மற்றவர் இலையில் விழும்.

மாமாவின் விளக்கோ 12 வோல்ட், 55 வாட். மாட்டியதும் அது மின்மினி போல எரிந்தது, ஹெட்லைட்டும் சோர்ந்துவிட்டது. எங்கள் மெக்கானிக் பாய் அப்போதே சொன்னார்: "சார், கழட்டிடுங்க. வண்டிக்குத் தாங்காது." நான் கேட்கவில்லை. மோட்டார் காயில் சுற்றும் இன்னொருவரிடம் போனேன். அவர் மேக்னெட்டோ காயிலை மறுபடி சுற்றி வலு ஏற்றித் தந்தார். இரண்டும் எரிந்தன! நாலு நாள் தெருவில் நான்தான் ராஜா.

ஐந்தாம் நாள் இரவு நாகூரிலிருந்து திரும்பி வருகிறோம். பின்னால் மனைவி, முன்னால் நின்றபடி நாலு வயது மகள். வாஞ்சூர் தாண்டி திருமலைராயன்பட்டினத்துக்கு முன் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது. மஞ்சள் விளக்கு அணைந்தது. அடுத்த கணம் ஹெட்லைட் போட்டோ பிடிக்கும் ஃபிளாஷ் மாதிரி வெள்ளையாகப் பளிச்சிட்டு அதுவும் போயிற்று. டெயில் லைட்டும் கூடவே. முன்னால் விளக்கில்லாமல் வைக்கோல் வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்ததை அதற்கு முன்பே பார்த்திருந்தேனோ, எப்படியோ, பிரேக்கை மிதித்துவிட்டேன். மகளின் மோவாய் ஹேண்டிலில் மோதியது. மூன்று தையல். தழும்பு இன்றும் இருக்கிறது. அந்த மூன்று மைல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

மறுநாள் பாய் மஞ்சள் விளக்கின் ஸ்குரூவைக் கழற்றிக் காட்டினார். பச்சையும் சிவப்புமாகத் துரு. "எர்த்து விட்டுப்போச்சு சார்" என்றார். எனக்கு உடனே பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. எங்கள் பௌதிக வாத்தியார் இதை 'மாஸ்' என்பார். (அவர் ஓம் விதி என்றதும் பின்பெஞ்சு கைகூப்பும், ஆம்பேர் என்றால் மட்டும் ஏதோ தன் சித்தப்பா போல நெஞ்சு நிமிர்த்துவார், பிரெஞ்சுக்காரர் அல்லவா.) விளக்குக்குப் போகும் மின்சாரம் வயரில் போகிறது, திரும்பிவரும் வழி வண்டியின் தகரம். அந்த வழியைத்தான் எங்கள் கடற்காற்று தின்கிறது. 6 வோல்ட் வண்டியில் துரு ஒரு வோல்ட்டை விழுங்கினால் ஆறில் ஒரு பங்கு போச்சு. 12 வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்குதான்.

மஞ்சள் விளக்கின் எர்த்து அறுந்ததும், கூடுதலாகச் சுற்றிய காயிலின் முழு வலுவும் ஹெட்லைட்டில் விழுந்தது. அது எரிந்ததும் மிச்சம் டெயில் லைட்டில். விளக்கைக் கூட்டியதால் இருட்டு வரவில்லை. கூட்டிய விளக்கு ஒன்று குறைந்ததால் வந்தது. பாய் பழைய காயிலையே திரும்பப் போட்டார். காசு வாங்கவில்லை, அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

பின்னாளில் வந்த சேடக்குகள் 12 வோல்ட்டுக்கு மாறின. மற்ற வண்டிகளில் பேட்டரியும், மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரும் சாதாரணமாகிவிட்டன. 2017 ஏப்ரல் முதல் புது இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் பகலிலும் எரிகிறது. 2020-இல் சேடக் என்ற பெயரிலேயே மின்சார ஸ்கூட்டரும் வந்துவிட்டது. காரைக்கால் காற்று மட்டும் மாறவில்லை.

பேரனின் வண்டியைப் பிரித்துப் பார்த்தோம். முறுக்கிய இடத்தில் வெற்றுக் கம்பி சட்டத்தில் உரசியிருந்தது, அவ்வளவுதான். பேட்டரியிலிருந்து தனி வயர், அதற்குத் தனி ஃபியூஸ், நடுவில் ஒரு ரிலே. குமாஸ்தா எழுதும் சின்னக் குறிப்பு பெரிய கஜானாவைத் திறக்கிற மாதிரி, ஸ்விட்சில் ஓடும் சிறு மின்சாரம் ரிலேயைத் தட்டினால் போதும், பெரிய மின்சாரம் வேறு வழியாகப் போய்விடும். எர்த்துக்குப் பெயிண்டைச் சுரண்டி, ஸ்குரூ முடுக்கி, மேலே கிரீஸ் தடவினேன்.

எல்லாம் எரிந்தபின் ஓர் ஆசை வந்தது. மஞ்சள் விளக்கின் இரண்டு வயரையும் பேட்டரியில் வைத்தேன். நம் ஊரில் அதற்கு முதன்முதலாக 12 வோல்ட். எதிர்ச் சுவர் முழுக்க மஞ்சள் வெளிச்சம். ஊருக்கு வந்திருந்த மகள் வாசலுக்கு வந்து, "இதானாப்பா அது?" என்று மோவாயைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"போதும் தாத்தா, பேட்டரி இறங்கிடும்" என்றான் பேரன்.